சாவியை ஏந்திய கைகள்

கலை என்றதும் நம் நெஞ்சில் எழுவது கலைஞனின் உருவமே. பாடுவோரை, ஆடுவோரை, ஓவியம் தீட்டுவோரை நாம் போற்றுகிறோம். ஆனால், எந்த ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவது, எதனைச் சுவரில் மாட்டுவது, எதனைக் கிடங்கில் உறங்க விடுவது என்று முடிவு செய்பவர் யார்? கோப்புகளிடையே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஓர் எழுத்தனுக்கு இவ்வினா இயல்பாகவே எழுகிறது. கையொப்பமிடும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவருடைய பார்வையே நாளடைவில் அந்நிறுவனத்தின் பார்வையாகிவிடுகிறது. இவ்வுண்மையை உணர்ந்து, கலைத்துறையில் தமக்கெனத் தலைவர்களை உருவாக்கிக்கொண்ட அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1969 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடம், கறுப்பின மக்கள் செறிந்து வாழும் ஹார்லெம் பகுதியைப் பற்றி ஒரு பெருங்கண்காட்சியைத் திறந்தது. புகைப்படங்கள் சுவரை நிறைத்தன, ஒலிப்பதிவுகள் முழங்கின. ஆயினும், ஹார்லெமில் வாழ்ந்த ஓவியர், சிற்பியர் ஒருவரது படைப்பும் அங்கு இடம்பெறவில்லை. கலைக்கூடத்திலேயே கலைஞரைக் காணோம்! வாயிலில் மறியல் செய்த கறுப்பின ஓவியர்கள் தம் படங்களை மாட்டுமாறு கேட்டதோடு நில்லாமல், முடிவெடுக்கும் பதவிகளில் தம்மவரை அமர்த்துமாறும் கேட்டனர். நோயின் வேரை அவர்கள் கண்டுகொண்டனர் என்பதற்கு இதுவே சான்று.

இவ்வுணர்வு அன்று திடீரென முளைத்ததன்று. 1930-இலேயே வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் தனக்கெனக் கலைக்கூடம் அமைத்து, அலோன்சோ ஏடன் என்பாரிடம் அதன் பொறுப்பை ஒப்படைத்தது. 1967-இல் அதே நகரின் அனகாஸ்டியா பகுதியில், பழைய திரையரங்கொன்றில் ஓர் அருங்காட்சியகம் தோன்றிற்று. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜான் கினார்டு, சமயப் பணியும் சமூகப் பணியும் புரிந்து வந்த இளைஞர். 1969-இல் அவர் நடத்திய கண்காட்சியின் பொருள் என்ன தெரியுமா? எலி! அப்பகுதி ஏழை மக்களை நாள்தோறும் வாட்டிய எலித்தொல்லையே காட்சிப்பொருளாயிற்று. அத்தெருவில் வாழும் மக்களை அறிந்த ஒருவர் தலைமையில் இருந்ததனால் அன்றோ அவ்வெண்ணம் பிறந்தது!

இனி ஹார்லெமுக்கு வருவோம். மெட்ரோபாலிடன் மறியலுக்குச் சில மாதங்கள் முன்பே, 1968 செப்டம்பரில், ஐந்தாம் அவென்யூவில் வாடகைக்கு எடுத்த மாடியொன்றில் ‘ஸ்டூடியோ மியூசியம்’ திறக்கப்பட்டது. இளம் ஓவியர்கள் அங்கேயே தங்கள் பட்டறையை அமைத்துப் பணியாற்றும் திட்டம் அதன் உயிர்நாடி. ஓவியரை வளர்க்க எழுந்த அந்நிறுவனம், நிர்வாகிகளையும் வளர்க்கும் நாற்றங்காலாக மாறியதே இவ்வரலாற்றின் சிறப்பு.

1977-இல் மேரி ஷ்மிட் காம்ப்பெல் அம்மையார் இயக்குநரானார். நியூயார்க் மாநகரமே பொருள் நெருக்கடியில் தத்தளித்த காலம் அது. அந்நிலையிலும் 1979-இல் வங்கியொன்றிடமிருந்து கட்டடத்தைக் கொடையாகப் பெற்று, 1982-இல் அருங்காட்சியகத்தை 125-ஆம் தெருவில் நிலைநிறுத்தினார். 1987-இல் அவர் மாநகரத்தின் பண்பாட்டுத்துறை ஆணையராகச் சென்றபோது நிறுவனம் தடுமாறவில்லை. அவரிடம் துணை இயக்குநராகப் பணியாற்றிய கின்ஷாஷா ஹோல்மன் கான்வில், 1988-இல் பொறுப்பேற்றார். பின்னாளில் இவரே, வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பிய துணை இயக்குநர்.

அடுத்து வந்தவர் லவுரி ஸ்டோக்ஸ் சிம்ஸ். 1972 முதல் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்திலேயே பணியாற்றிப் பழுத்த அனுபவத்தோடு 2000-இல் ஹார்லெமுக்கு வந்தார். அவருடன் துணையாக வந்த தெல்மா கோல்டன், கல்லூரி மாணவியாக இருந்தபோது இதே அருங்காட்சியகத்தில் பயிற்சி பெற்றவர். இடையில் விட்னி அருங்காட்சியகத்தில் பணியாற்றித் தேர்ந்தவர். 2005-இல் அவரே இயக்குநரானார். 2025 நவம்பரில் அதே 125-ஆம் தெருவில் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்த பெருமையும் அவருக்கே உரியது. பயிற்சி மாணவியாக நுழைந்த ஒருவர் தலைவராக அமர இருபது ஆண்டுகள் ஆயின. தலைமை என்பது ஓரிரவில் பழுக்கும் கனியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும், வழி இன்னும் நெடியது. 2015-இல் மெலன் அறக்கட்டளை அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. காட்சிப் பொறுப்பாளர், பாதுகாப்பு வல்லுநர், கல்விப் பணியாளர், தலைமை நிர்வாகிகள் ஆகியோருள் வெள்ளையர் 84 விழுக்காடு. கறுப்பினத்தார் 4 விழுக்காடே. திறமைக் குறைவா காரணம்? அன்று. இத்துறையின் முதற்படி பெரும்பாலும் ஊதியமில்லாப் பயிற்சியாகவே இருந்து வந்தது. மாதக்கணக்கில் சம்பளமின்றிப் பெருநகரில் வாழ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே இயலும். முதற்படியிலேயே தடுக்கப்பட்டவன் மாடிக்கு ஏறுவது எங்ஙனம்? 2019-இல் அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம், பயிற்சியாளருக்கு ஊதியம் வழங்குமாறு தீர்மானம் இயற்றியதன் பொருள் இப்போது விளங்கும்.

ஆளைத் தேர்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் வினையில் அமர்த்துவதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். தகுதியறிவது ஒன்று, பொறுப்பை ஒப்படைப்பது வேறொன்று. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்போரே உலகில் மிகுதி.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு. ஆண்டுதோறும் சங்க விழாவில் நம் பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் பேசவும் செய்கிறோம், கைதட்டி மகிழ்கிறோம். ஆனால், செயற்குழுக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுகிறோமா? அரங்கம் பதிவு செய்வதையும், நன்கொடை திரட்டுவதையும், வரவு செலவு ஏட்டை முடிப்பதையும் அவர்களுக்குக் கற்றுத் தருகிறோமா? அவர்கள் ஒரு தவறு செய்தால் பொறுத்துக்கொண்டு, மறு ஆண்டும் அதே பணியை ஒப்படைக்கும் துணிவு நமக்கு உண்டா? பின்னர், ‘இளைஞர்கள் சங்கத்தின் பக்கம் வருவதேயில்லை’ என்று குறைபட்டுக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

மேடையை மட்டும் தந்தால் அவர்கள் விருந்தினராகவே இருப்பர். அலுவலகச் சாவியையும் கையில் கொடுத்தால், சங்கம் அவர்கள் வீடாகும். ஹார்லெம் நமக்கு உணர்த்துவது இதுவே.