கப்பலில் நல்ல அறை எது?

போன மாதம் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு சொகுசுக் கப்பலின் கட்டண அட்டவணையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து போகப் போகிறார்களாம். "நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, எந்த ரூம் எடுக்கலாம்னு சொல்லு. அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. அப்பாவுக்குக் கடல் தெரியணும்" என்றான்.

நான் இதுவரை கப்பலில் கால் வைத்தது கிடையாது. ஆனாலும் கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. பழைய கப்பல்களில் நல்ல அறை என்று எதைச் சொன்னார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. நல்ல அறை எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. அந்தந்தக் காலத்தில் எது பெரிய தொல்லையோ, அதிலிருந்து தூரமாக நகர்ந்துகொண்டே போயிருக்கிறது.

முதலில் பாய்மரக் கப்பல்களுக்குப் போவோம். அங்கே நல்ல அறை கப்பலின் பின்பகுதியில் இருந்தது. கப்பலின் பின்சுவர் முழுக்க வரிசையாக ஜன்னல்கள் வைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தலைவனின் அறை. பாய்மரக் கப்பலுக்குக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும். எனவே நாற்றம் எல்லாம் முன்பக்கமாகப் போகும். மாலுமிகளின் கழிப்பிடத்தைக் கப்பலின் முன்முனையில் வைத்ததற்கும் இதுதான் காரணம். முன்பக்கம் அலை வந்து அறையும், தண்ணீர் தெறிக்கும். பின்பக்கம் அந்தத் தொல்லை குறைவு. சுக்கானும் அங்கேதான். ஆக, அதிகாரம், நல்ல காற்று, ஜன்னல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த வெள்ளைக்காரப் பயணிகளில் வசதியானவர்கள் இந்தப் பின்பகுதியில்தான் இடம் பிடித்தார்கள். ஆனால் அறை என்றால் நாம் நினைக்கிற மாதிரி அறை இல்லை. பல இடங்களில் நடுவே தடுப்பாக இருந்தது வெறும் கித்தான் துணி. கட்டில், மேஜை, நாற்காலி எல்லாம் பயணியே வாங்கிக்கொண்டு வர வேண்டும். பக்கத்து அறைக்காரர் இருமினால்கூடக் கேட்கும். மாதக்கணக்கில் இப்படிப் பயணம்! பணம் கொடுத்து ஜன்னலை வாங்கலாம், அமைதியை வாங்க முடியாது என்பது அப்போதே இருந்த நிலைமை.

அப்புறம் நீராவி வந்தது. 1842 ஜனவரியில் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் லிவர்பூலிலிருந்து 'பிரிட்டானியா' என்ற கப்பலில் அமெரிக்கா போனார். 1840-இல் ஓட ஆரம்பித்த கியூனார்டு கம்பெனியின் கப்பல் அது. இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். டிக்கன்ஸ் அப்போதே உலகப் புகழ் பெற்றவர். அவருக்குக் கிடைத்த அறை எவ்வளவு சிறியது என்று தன் பயண நூலில் கிண்டலடித்துத் தள்ளியிருக்கிறார். கம்பெனி விளம்பரத்துக்காக வரைந்த படத்தில் பார்த்த கப்பலும் நேரில் பார்த்த கப்பலும் வேறு வேறாக இருந்தன என்பது அவருடைய குறை. விளம்பரப் படத்தை நம்பி அறை எடுத்து ஏமாறுவது 180 வருஷப் பழக்கம் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துடுப்புச் சக்கரம் போய், கப்பலின் பின்னால் தண்ணீருக்கு அடியில் சுழலும் விசிறி, அதாவது புரொப்பெல்லர் வந்ததும் கணக்கே தலைகீழானது. இத்தனை காலம் ராஜா வீட்டுப் பகுதியாக இருந்த பின்பகுதி இப்போது அதிர்ந்து நடுங்கியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. முதல் வகுப்பைப் பல கம்பெனிகள் பின்னாலேயே வைத்திருந்தன. 1871-இல் ஒயிட் ஸ்டார் கம்பெனி 'ஓஷியானிக்' கப்பலை இறக்கியபோதுதான் முதல் வகுப்பு கப்பலின் நடுப்பகுதிக்கு வந்தது. பெரிய ஜன்னல்களும் வைத்தார்கள். மற்ற கம்பெனிகளும் அதே வழியில் வந்தன.

நடுப்பகுதி ஏன் நல்லது? சின்ன வயதில் விளையாடிய சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையில் இருப்பவர்கள்தான் மேலும் கீழும் போவார்கள். நடுவில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு. அலையில் கப்பலும் அப்படித்தான். நடுவில் தலைசுற்றலும் குறைவு, விசிறியின் அதிர்வும் தூரம்.

பின்பகுதியின் கதி என்ன ஆனது என்பதற்கு 1907-இல் வந்த 'லூசிடேனியா' சாட்சி. உலகிலேயே வேகமான கப்பல்களில் ஒன்று. சோதனை ஓட்டத்தில் பின்பகுதி அப்படி அதிர்ந்தது. அங்கே இருந்தது இரண்டாம் வகுப்பு. உள்ளே பிரித்துப்போட்டுக் கூடுதல் இரும்புத் தாங்கல்கள் கொடுத்துத்தான் பயணிகளை ஏற்ற முடிந்தது. 1935-இல் பிரான்சின் 'நார்மண்டி'க்கும் இதே வியாதி. கடைசியில் மூன்று இலை விசிறிகளை எடுத்துவிட்டு நான்கு இலை விசிறிகளை மாட்டினார்கள்.

அறை இருக்கும் இடம் வெறும் தூக்கம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்பதை 1912-இல் 'டைட்டானிக்' காட்டியது. மூன்றாம் வகுப்பில் தனியாக வந்த ஆண்களுக்கு முன்முனையில் இடம். பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் பின்முனையில் இடம். உயிர்காப்புப் படகுகள் இருந்ததோ முதல் வகுப்புக்காரர்கள் உலாவும் மேல்தளத்தில். முதல் வகுப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் ஏறத்தாழ 25 சதவீதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் படகு எங்கே, படுக்கை எங்கே என்பதும் அதில் ஒன்று.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் செங்கடல் வழியாக வந்தன. அங்கே தொல்லை அதிர்வு மட்டும் இல்லை, வெயிலும்தான். இரும்புச் சுவர் நாள் முழுக்கச் சூடேறினால் ராத்திரி அறை அடுப்பு மாதிரி இருக்கும். குளிர்சாதனம் கிடையாது.

இங்கேதான் ஒரு பிரபலமான கதை பிறந்தது. ஆங்கிலத்தில் ஆடம்பரமானதை 'போஷ்' என்று சொல்கிறோம் அல்லவா? 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதல் எழுத்துகள்தான் அது என்பார்கள். அதாவது, போகும்போது இடப்பக்க அறை, ஊர் திரும்பும்போது வலப்பக்க அறை. பணக்காரர்களின் டிக்கெட்டில் இந்த நாலு எழுத்தை முத்திரை குத்தினார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. சொல் ஆராய்ச்சியாளர்கள் இதை நம்புவதில்லை.

கதை பொய். ஆனால் அதில் உள்ள கணக்கு சரி! மேப்பை எடுத்துப் பாருங்கள். சூயஸிலிருந்து செங்கடலில் கப்பல் தென்கிழக்காக இறங்கும். வலப்பக்கம் மேற்கு. மதிய வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான். ஏடன் தாண்டி பம்பாய்க்குத் திரும்பினால் இடப்பக்கம் வடக்கு, வலப்பக்கம் தெற்கு. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால் அப்போதும் இடப்பக்கமே நிழல். திரும்பும்போது எல்லாம் மாறிவிடும். அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவன் தேடியது காட்சியை இல்லை, நிழலை.

குளிர்சாதனம் வந்ததும் அந்தக் கணக்கும் போனது. 1961-இல் வந்த பி அண்டு ஓ நிறுவனத்தின் 'கான்பெரா' இதற்கு நல்ல உதாரணம். எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். புகைபோக்கிகளும் பின்னால் போயின. நடுப்பகுதி முழுக்கப் பயணிகளுக்கு. வழக்கமாக மேலே தொங்கி ஜன்னலை மறைக்கும் உயிர்காப்புப் படகுகளை மூன்று தளம் கீழே இறக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் மறைப்பே இல்லாத கடல். கப்பலின் பக்கவாட்டில் சின்ன முற்றம் மாதிரி உள்ளே மடித்து, உட்புற அறைகள் சிலவற்றுக்கும் வெளிச்சம் வரச் செய்தார்கள். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆனால் 1958-லேயே அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன. கொஞ்ச வருஷத்தில் ஊர் போய்ச் சேர யாருக்கும் கப்பல் தேவைப்படவில்லை. கான்பெராவும் 1974 முதல் முழுநேர உல்லாசக் கப்பலானது. இந்த இடத்தில்தான் பெரிய மாற்றம். அதுவரை கப்பல் கம்பெனி விற்றது பயணத்தை. அதற்குப் பிறகு விற்பது கடலை, அதாவது கடலைப் பார்ப்பதை.

1984-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் எல்லா அறைகளுமே வெளிப்பக்க அறைகள். பலவற்றுக்குச் சொந்தமாக பால்கனியும் உண்டு. 1998-இல் வந்த 'கிராண்ட் பிரின்சஸ்' கப்பலில் பாதிக்கும் மேற்பட்ட அறைகளுக்கு பால்கனி. 2009-இல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நடுவைப் பிளந்து ஒரு பூங்காவையே வைத்தார்கள். அதைப் பார்த்து பால்கனி! கடலில் போகிறோம், பார்ப்பது மரம் செடி. 2011-இல் 'டிஸ்னி டிரீம்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஜன்னலே இல்லாத உள் அறைகளில் வட்டமான திரை. வெளியே இருக்கும் கேமரா கடலைப் படம் பிடித்து அதில் காட்டும்.

இப்போது நண்பன் கொண்டுவந்த அட்டவணைக்கு வருகிறேன். அதில் உள் அறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று நாலு விலை. காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் என் கண்ணில் பட்டது இதுதான். காட்சிக்கு ஒரு பத்தி இருக்கிறது. அமைதிக்குப் பத்தியே இல்லை! காட்சியைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடலாம். அமைதியை எப்படிப் படம் எடுப்பது? அதனால் அதற்குப் பெரும்பாலும் தனி விலை இல்லை. அதே விலை அறைகளில் ஒன்று இரைச்சலாகவும் இன்னொன்று அமைதியாகவும் இருக்கும். தளங்களின் வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அமைதி இலவசம்.

அந்த வரைபடத்தில் நான் நண்பனுக்குக் காட்டியது இவ்வளவுதான். நடுப்பகுதி அறையாகப் பார். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாக எடு. நீச்சல் குளம் இருக்கும் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் காலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் எழ வேண்டும். நடன அரங்கத்துக்கு மேலே எடுத்தால் ராத்திரி தூக்கம் போகும். முன்முனையில் கீழ்த்தளங்களில், துறைமுகத்தில் கப்பலைத் திருப்பும் பக்க விசிறிகளின் உறுமலும் நங்கூரச் சங்கிலியின் சத்தமும் கேட்கும். லிப்ட் வாசலையும் தவிர்த்துவிடு. ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள். 1871-இல் ஓஷியானிக் கற்றுக்கொண்டதும் 1961-இல் கான்பெரா கற்றுக்கொண்டதும் சேர்ந்ததுதான் இந்த யோசனை.

இதை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் 1960களில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கு போனவர். 1926-இல் கட்டி, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. கேபின்கள் கொஞ்சம்தான். நம் ஆட்கள் பெரும்பாலும் போனது டெக் டிக்கெட்டில். அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் அறை. தோட்டத்துக்குப் போனவர்கள், கடைக்குக் கணக்கெழுதப் போனவர்கள் என்று ஆயிரமாயிரம் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

"இதுக்கா இவ்ளோ படிச்சே?" என்றார் தாத்தா. "முன்னால படுத்தா ஆட்டம். பின்னால படுத்தா விசிறி அதிர்வு தூங்க விடாது. நடுவுல எடம் புடிக்கணும். புகை எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துட்டு எதிர்ப்பக்கம் பாயை விரிக்கணும். முதல்ல ஏறுறவனுக்குத்தான் அந்த எடம். அதான் அப்பா என்னை விடியக்காலையிலேயே கெளப்பிட்டாரு."

ஒயிட் ஸ்டார் கம்பெனி பணம் செலவழித்துக் கண்டுபிடித்ததை நாகப்பட்டினத்தில் பாயோடு நின்றவர்கள் வாய்வழியாகவே தெரிந்து வைத்திருந்திருக்கிறார்கள். "கடல் தெரிஞ்சுதா தாத்தா?" என்று கேட்டேன்.

"அது மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊர் மறையுறவரைக்கும் யாரும் பாயில உக்காரல" என்றார்.

எந்த அட்டவணையிலும் அந்தக் காட்சிக்கு விலை போட்டு நான் பார்த்ததில்லை.