கல்லும் செம்பும் கணனியும்: தீவகத்துக் கலைச்சின்னங்களை அளந்து வைத்தல் குறித்து

சரவணையிலிருந்து புங்குடுதீவு சென்று, குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவை அடையலாம். அங்கு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) ஆணை ஒன்றைத் தாங்கியது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் சேரும். வணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. இக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்த பின்னர் இச்செய்திகள் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவையாயின. ஆனால் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் அதிலுண்டு. ஆணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாகச் சாசனமே கூறுகிறது. அச்செப்பேடு நமக்குக் கிடைக்கவில்லை, கல் கிடைத்தது. ஒன்று அழியினும் மற்றொன்று எஞ்சட்டும் என்ற எண்ணம் எழுதுவித்தவருக்கு இருந்ததோ இல்லையோ, நடந்தது அதுவே.

எழுத்தை இரு ஊடகங்களிற் பொறிப்பது எளிது. உருவத்தை என்செய்வது? சிற்பத்திலும் கட்டடத்திலும் வடிவமே செய்தி. அதனை வேறோர் ஊடகத்திற்கு மாற்றும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்தலும், சிலைமீது சாந்து பூசி அச்செடுத்தலும் நாம் அறிந்தவை. 1858இல் ஜேர்மனியின் வெற்ஸ்லார் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த மைடன்பாவர் என்னும் இளம் கட்டடக்கலைஞர் உயரத்திலிருந்து தவறி விழப்பார்த்தார். உயிர் தப்பியவருக்கு, ஏறி அளப்பதை விடுத்து நிழற்படங்களைக் கொண்டே அளந்தாலென்ன என்ற எண்ணம் பிறந்தது. 1885இல் பேர்லினில் அவர் தலைமையில் இதற்கென அரச நிறுவனமொன்று தோன்றியது. இன்று கணனி செய்யும் பணிக்கு இதுவே முன்னோடி.

முப்பரிமாண வருடல் என இன்று நாம் கூறுவது இரு வழிகளில் நிகழ்கிறது. லேசர் ஒளிக்கதிர் பொருளின் மேற்பரப்பிற் பட்டு மீள்வதைக்கொண்டு ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கணிப்பது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று கவியும் பல நிழற்படங்களில் ஒரே புள்ளி எங்கெங்கு தோன்றுகிறது என்பதிலிருந்து அதன் இடத்தைக் கணிப்பது மற்றது. இரண்டிலும் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளின் தொகுதியே. அவற்றை இணைத்து மேற்பரப்பாக்கி, எத்திசையிலிருந்தும் எவ்வெளிச்சத்திலும் காணச்செய்வது கணனி வரைகலையின் பணி. 1998 - 99இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மார்க் லெவோய் குழுவினர் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையை இவ்வாறு வருடினர். அதன் உயரம் 434 சென்ரிமீற்றர் என்றே கலைவரலாற்று நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்தன. வருடலில் 517 எனத் தெரியவந்தது. உலகில் மிக அதிகம் பேசப்பட்ட சிலையொன்றன் உயரத்தையே அறிஞர் அளக்காது எழுதிவந்தனர் என்பது எம் துறைக்குச் சற்று நாணந்தரும் செய்திதான்.

அளவின் அருமை பொருள் அழிந்த பின்னரே விளங்குகிறது. பாமியான் புத்தர் சிலைகள் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டன. அவற்றின் வடிவைக் கணனியில் மீட்க முயன்ற சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் முதலில் உல்லாசப் பயணிகளின் படங்களைக்கொண்டு முயன்றனர். பருமட்டான உருவே கிடைத்தது. ஒஸ்திரியரான கொஸ்ற்கா 1970இல் அளவைக் கருவிகொண்டு எடுத்திருந்த சில படங்களே ஆடை மடிப்புக்களையும் மீட்டுத்தந்தன. பாரிசின் நோத்ருதாம் பேராலயத்தை அன்ட்ரூ ரலன் 2010இல் லேசரால் வருடியிருந்தார். 2019 ஏப்பிரலில் கூரை எரிந்தபோது அப்பதிவு இருந்தது. 2014இல் கட்டடக்கலைஞர் இருவர் கூரை மரச்சட்டங்களைத் தனித்தனியே அளந்து வரைந்த படங்களும் இருந்தன. 2024 டிசெம்பரில் ஆலயம் மீளத் திறக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706இற் கட்டிய தேவாலயம் 1990ஆம் ஆண்டு முற்றுகையில் இடிந்தது. அது ஆள்வோர் கட்டியது. அதற்கு வரைபடங்களும் வர்ணனைகளும் உள்ளன. அதே 1990இல் போர் தீவகத்தையும் சூழ, சரவணை, வேலணை, நாரந்தனை, சுருவில் முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பூட்டிய நாற்சார் வீடுகளும், முருகைக்கல் மதில்களும், ஊர்க்கோயில்களின் மரவாகனங்களும், சிற்பம் செதுக்கிய கதவுகளும் மழைக்கும் கறையானுக்கும் விடப்பட்டன. இவற்றுள் எவை அழிந்தன என்று ஒரு பட்டியலிடவும் இயலாதிருப்பதே அழிவினும் கொடியது. ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையையும் நெடுந்தீவுக் கோட்டையையும் வரலாற்றாசிரியர் எழுதினர். சரவணைத் தச்சன் செய்த குதிரை வாகனத்தை எவர் எழுதினார்?

பழி முழுவதையும் போர்மீது சுமத்துதல் நேர்மையாகாது. அமைதி வந்தபின் புலம்பெயர்ந்தோரின் பணத்தால் நிகழும் திருப்பணிகளும் தம் பங்கைச் செய்கின்றன. பழைய சுண்ணச்சுவர் இடிந்து சீமெந்துச் சுவர் எழுகிறது. பழைய வாகனத்தின்மேல் எண்ணெய் வர்ணம் தடித்துப் படிந்து, உளியின் தடம் மறைகிறது. வழிபாட்டிலுள்ள கோயில் புதுப்பிக்கப்படுவது இயல்பே. அதை நூதனசாலையாக்குமாறு நாம் கேட்கவில்லை. கும்பாபிஷேகத்துக்குப் பாலஸ்தாபனம் செய்யும் நாளுக்கு முன் ஒரு நாள், அளப்பதற்கு ஒதுக்கப்படுமாயின் போதும்.

அதற்குப் பெருங்கருவி தேவையில்லை. டேவிட் சிலைக்குத் தனியே கருவி அமைக்கவேண்டியிருந்தது. இன்றோ கைத்தொலைபேசியின் படக்கருவி ஒன்றே வாகனமொன்றைப் பதிய ஓரளவு போதுமானது. நேர்வெயில் படாத இடத்தில் பொருளை வைத்து, சுற்றிச்சுற்றி, ஒவ்வொரு படமும் முன்னையதன் பெரும்பகுதியைக் கவியுமாறு எடுத்தல் வேண்டும். அருகில் ஓர் அளவுகோலை வைத்தல் கட்டாயம். அஃதின்றேல் உருவம் கிடைக்கும், அளவு கிடையாது. பாமியானில் எளிய படங்கள் தோற்றதை நினைவிற்கொண்டால் இதன் முக்கியத்துவம் புரியும். தேய்ந்த கல்வெட்டாயின் இன்னொரு முறையுண்டு: படக்கருவியை அசைக்காது, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு மாற்றிப் படமெடுத்து, சாய்ந்த ஒளியில் எழுத்தின் பள்ளங்களைக் கணனியிற் காணலாம். 2001இல் ரொம் மால்ஸ்பென்டர் முதலானோர் வகுத்த முறை இது. நயினாதீவுக் கல்லை மைபூசாமலே மீள வாசிக்க இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது எமது கருத்து.

இனி, பதிவு யாருடையது? பேர்லின் அருங்காட்சியகம் நெஃபெர்ற்றிற்றி சிலையின் வருடற்பதிவை வெளியிட மறுத்துவந்தது. தனியாரொருவரின் சட்டக்கோரிக்கையின்பின் 2019இல் அது கைமாறியபோது, கணனியுருவின் அடிப்பீடத்தில் அருங்காட்சியகத்தின் உரிமவாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முந்திய எகிப்தியச் சிற்பியின் வேலைக்கு பேர்லின் உரிமை கோரிய வேடிக்கை அது! மாறாக, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களை நிழற்படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு, ஸ்ரீபுரந்தான் நடராசர் களவுபோனதை நிறுவ உதவிற்று. 2008இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் வாங்கிய அச்சிலை 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. பதிவு பூட்டப்பட்டிருந்தால் அது சொத்து, திறந்திருந்தால் சான்று.

1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு படி இருக்கவில்லை. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைப் பலரும் அணுகும் வண்ணம் மின்வடிவிற் காத்துவருவதை இத்தருணத்தில் எண்ணுகிறோம். எழுத்துக்குச் செய்யப்பட்டது உருவத்துக்கும் செய்யப்படல் வேண்டும்: ஒரு படி பல்கலைக்கழகத்தில், ஒன்று கோயிலில், ஒன்று கடல்கடந்து. கோப்பின் வடிவம் பத்தாண்டுக்கொருமுறை பழசாகிவிடுவதால், அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் எவரிடமேனும் ஒப்படைக்கப்படல் அவசியம். செம்பு உருக்கப்படும், கணனிக்கோப்பு திறக்க மறுக்கும்.

புள்ளித்தொகுதியில் அகப்படாதது ஒன்று உண்டு. வாகனத்தைச் செதுக்கியவர் யார், எந்த மரத்தில், எந்த உபயகாரரின் செலவில், தேர்த்திருவிழாவில் அதைச் சுமந்தவர் எவர், சுமக்க விடப்படாதவர் எவர் என்பன லேசரில் தெரியா. இவற்றை அறிந்த முதியோர் சரவணையிலும் அயலூர்களிலும் இன்னும் சிலர் உளர். உருவத்தைப் பதியும் நாளிலேயே அவர்களின் குரலையும் பதிந்து, அதே கோப்புடன் இணைத்து வைத்தல் வேண்டும்.