களஞ்சியத்தின் திறவுகோல்: கொள்ளைநோய்க் காலங்களில் ஊவாத் தோட்டக் குடும்பங்கள்

பஞ்சத்துக்கும் நோய்க்கும் அஞ்சி உணவைச் சேமித்து வைத்தல் மனித சமுதாயத்தின் தொன்மையான பழக்கங்களுள் ஒன்றாகும். தமிழகத்துக் குதிரும் குலுக்கையும், யாழ்ப்பாணத்துக் கொம்மறையும், சிங்களக் கிராமங்களின் 'வீ பிஸ்ஸ'வும் அப்பழக்கத்தின் சின்னங்களாகும். நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறாக வைக்கும் பிடியரிசி வழக்கமும் இதன்பாற்பட்டதே. சேமிப்பு என்பது குடும்பத் தலைவியின் மதிநுட்பத்தையும் சிக்கனத்தையும் பொறுத்தது என்றே நாம் பெரும்பாலும் கருதி வந்துள்ளோம். ஆயின், சேமிப்பதற்குப் பொருள் வேண்டும். முன்கூட்டியே வாங்குவதற்குப் பணம் வேண்டும். வைப்பதற்கு இடம் வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஒரு சமூகம் கொள்ளைநோயை எவ்வாறு எதிர்கொண்டது என்னும் வினாவை எழுப்புவோமாயின், வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது.

ஊவா மாகாணத்தின் எல்ல பிரதேசம் இன்று இராவணன் நீர்வீழ்ச்சிக்காகவும் ஒன்பது வளைவுப் பாலத்துக்காகவும் பேசப்படுகின்றது. அப்பாலத்தின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகளையும், அவற்றினிடையே வரிசையாய் நிற்கும் லயங்களையும் பற்றிப் பேசுவோர் குறைவு. பண்டாரவளை, தெமோதரை, பதுளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இத்தோட்டங்களில் வாழும் தமிழர்களின் முன்னோர், முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுட் பலர் ஊரிலேயே நிலமற்றவர்கள். நிறைந்த குதிரைத் தம் வீட்டிற் கண்டிராதவர்கள். எனினும் ஊரில் அவர்களுக்கு அறுவடைக் காலத்துக் கூலி நெல்லாவது இருந்தது. லயத்துக்கு வந்தபின் அந்த நெல்லும் இல்லாதொழிந்தது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பிராவே அடுக்களையாகவும் படுக்கையறையாகவும் பண்டசாலையாகவும் அமைந்தது. களஞ்சியம் லயத்தில் இல்லை. அது தோட்டத்து அரிசி ஸ்டோரில் இருந்தது. அதன் திறவுகோல் துரையின் கையில் இருந்தது.

இவ்வமைப்பின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கான அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதி செய்யப்பட்டது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து புகையிரதத்திலும் மாட்டுவண்டியிலும் அது மலைநாட்டை அடைந்தது. 1924ஆம் ஆண்டிலேயே புகையிரதம் பதுளையை எட்டியது என்பதை நினைவிற் கொண்டால், அதற்கு முன்னர் இப்பகுதிக்கு ஒரு மூடை அரிசி வந்து சேர்வதன் அருமை புலனாகும். தோட்ட நிருவாகம் அரிசியை மொத்தமாக வருவித்துத் தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளக் கணக்கிற் கழித்தது. தொழிலாளி அரிசி வாங்கவில்லை. அரிசி அவன் பேரில் எழுதப்பட்டது. வேலைக்குப் பேர் விழுந்தால் சம்பளம்; சம்பளம் இருந்தால் அரிசிக் கணக்கு நேராகும். நோயுற்றுப் படுத்தவனுக்குப் பேர் விழாது. ஆயினும் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும். அந்த அரிசி கடனாயிற்று. அக்கடனே அவனைத் தோட்டத்தோடு பிணைக்கும் கயிறுமாயிற்று.

இத்தகைய நிலையிலேதான் 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் கொள்ளைநோய் இலங்கையை வந்தடைந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியிற் கொழும்பிற் காணப்பட்ட முதலாவது அலையை அடுத்து, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் எழுந்த இரண்டாவது அலை மிகக் கொடியதாக அமைந்தது. இந்நோயால் இலங்கையில் இறந்தோர் தொகை குறித்து ஆய்வாளரிடையே கருத்தொருமை இல்லை. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு அத்தொகையை மூன்று இலட்சத்துக்கும் மேலென மதிப்பிடுகின்றது. முந்திய மதிப்பீடுகள் அதனினும் மிகக் குறைந்தவை. தொகை எதுவாயினும், இந்நோயின் தனித்தன்மை ஒன்று உலகெங்கும் ஒரே விதமாகக் காணப்பட்டது. சாதாரண காய்ச்சல் முதியோரையும் குழந்தைகளையுமே பெரிதும் தாக்கும். இதுவோ இருபது முதல் நாற்பது வயது வரையிலான, உடல் வலிமை மிக்கோரையும் பெருந்தொகையிற் கொன்றது. வேறுவிதமாகக் கூறின், வேலைக்குப் போவோரையும் அடுப்பு மூட்டுவோரையுமே அது தேடிச் சென்றது.

இதன் விளைவை லயத்தின் அமைப்போடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் காம்பிராக்களில், ஒரு குழாயையோ பீலியையோ பலர் பயன்படுத்தும் நிலையில், நோயாளியை வேறாக்கி வைத்தல் இயலாத காரியம். உழைப்போர் இருவரும் படுத்துவிட்டால், அந்த வீட்டிற் பேர் விழுவதும் நின்றது. கஞ்சி காய்ச்சுவதும் நின்றது. அதே 1918இல் இந்தியாவிற் பருவமழை பொய்த்தது. தானியத் தட்டுப்பாடு ஏற்படவே, இந்திய அரசாங்கம் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. நோய் தணிந்த வேளையில் அரிசி அரிதாயிற்று, விலை ஏறியது. இலங்கை அரசாங்கம் அரிசி விநியோகத்தில் நேரடியாகத் தலையிட வேண்டிய நிலை தோன்றியது. இக்காலத்திலேயே ஆதர் வீ. டயஸ் என்பார் நாடெங்கும் பலா மரங்களை நடும் இயக்கத்தைத் தொடங்கி, 'கொஸ் மாமா' என மக்களால் அன்போடு அழைக்கப்பெற்றார். வீட்டு முற்றத்துப் பலாமரம் பஞ்சகாலத்துக் களஞ்சியம் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆனால் லயத்துக்கு முற்றம் உண்டே தவிர, அங்கே மரம் நடும் உரிமை இல்லை. அண்டையிலுள்ள ஊவாக் கிராமத்தவனுக்கு உதவிய வழி தோட்டத்தவனுக்கு அடைபட்டே கிடந்தது.

இக்கால அனுபவங்களுக்குப் பின்னர், 1921ஆம் ஆண்டின் சட்டம் கொடிய துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச்சட்டம் சம்பளத்தோடு அரிசியின் விலையையும் இணைத்தது. 1929ஆம் ஆண்டு முதல் உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்சம்பளமாயின. ஒரு புசல் அரிசியின் விலை 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. முப்பத்திரண்டு கொத்துக் கொண்டது ஒரு புசலாதலின், ஒரு கொத்தின் விலை 15 சதமாகின்றது. எனவே நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் சம்பளம் மூன்று கொத்து அரிசிக்கும் போதாததாயிருந்தது. உப்பு, மிளகாய், எண்ணெய், துணி, மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம் யாவும் இதனுள்ளேயே அடங்க வேண்டும். விலைக்கு ஓர் உச்சவரம்பு கிடைத்தமை நன்மையே. ஆயினும் மிச்சம் பிடித்து வைப்பதற்கு இக்கணக்கில் எங்கே இடமிருந்தது?

அடுத்துவந்த அரை நூற்றாண்டில் இருமுறை இக்கேள்வி கூர்மையாக எழுந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் பர்மிய அரிசி வரவு முற்றாக நின்றது. பங்கீட்டு முறையின் கீழ் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பெருமளவு வழங்கப்பட்டது. இன்று தோட்டத்துக் காலையுணவென நாம் கருதும் ரொட்டி, விருப்பத்தாலன்றித் தட்டுப்பாட்டால் நிலைபெற்ற உணவாகும். 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பங்கீடு குறைக்கப்பட்டு மாவின் விலையும் ஏறியபோது, அந்த ரொட்டியும் எட்டாப் பொருளாயிற்று. 1974இல் தோட்டப்பகுதி இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பன்மடங்கு வேகமாக உயர்ந்தது. கிராமத்தவர் மரவள்ளியையும் பலாவையும் ஈரப்பலாவையும் கொண்டு தாக்குப்பிடித்தனர். நிலமற்ற லயத்தவர் பட்டினியால் மடிந்தனர். பலர் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்குப் பெயர்ந்தனர். 1974இல் வந்தது கொள்ளைநோயன்று. எனினும், கையிருப்பற்ற குடும்பத்துக்கு நோயும் விலையேற்றமும் ஒரே வாயிலால் நுழைகின்றன என்பதை அது காட்டிற்று.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொவிட் 19 நோயின் காரணமாக நாடு மூடப்பட்டபோது, உலகின் பெருநகரங்களில் மக்கள் கடைகளை மொய்த்தனர். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கழிப்பறைத் தாள் கிடைக்காதொழிந்த செய்தியை நாம் வியப்போடு வாசித்தோம். மாதக்கணக்கிற் பொருள் வாங்கி அடுக்குதல் அந்நாடுகளிற் பதற்றத்தின் வெளிப்பாடாகப் பேசப்பட்டது. ஊவாத் தோட்டங்களில் அத்தகைய பதற்றத்துக்கே வசதி இருக்கவில்லை. மார்ச் 20ஆந் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் தொடங்கியது. தோட்டத்துச் சம்பளமோ ஒவ்வொரு மாதமும் பத்தாந் திகதியளவிற் கிடைப்பது. சம்பளம் கையில் விழுந்ததும் முன்மாதத்துக் கடைக்கடனைத் தீர்த்துவிட்டு, மீண்டும் கடன் கொப்பியில் எழுதத் தொடங்கும் காலமே மாதத்தின் பிற்பாதி. நாடு மூடப்பட்ட நாள் தோட்டக் குடும்பத்தின் கையிற் பணம் மிகக் குறைந்திருந்த நாட்களுள் ஒன்றாய் அமைந்தது.

அவ்வாரத்திற் பருப்பு ஒரு கிலோவுக்கு 65 ரூபாவும் தகரத்திலடைத்த மீனுக்கு 100 ரூபாவும் உச்ச விலையாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் அவ்விலைக்கு அவற்றைக் கடைகளிற் காண்பது அரிதாயிற்று. நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் எனப் பருப்பும் சீனியும் வாங்குவோர், மூடையாக வாங்குவோரைவிடக் கிலோவுக்குக் கூடிய விலை கொடுக்கின்றனர் என்பதும் சிந்திக்கத்தக்கது. வறியவனே விலை கூட்டி வாங்குகிறான்; மொத்தமாக வாங்கும் மலிவு வசதியுள்ளவனுக்கே உரியது.

தேயிலைத் தொழில் இடைநிறுத்தப்படாமை ஒருவகையிற் பாதுகாப்பாயிற்று. அடிப்படை நாட்சம்பளம் அப்போது 700 ரூபா. ஏப்பிரல், மே மாதங்களில் அரசாங்கம் வழங்கிய 5,000 ரூபா நிவாரணம் அச்சம்பளத்தின் ஏறக்குறைய ஏழு நாட்களுக்குச் சமமானது. அது பல குடும்பங்களுக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வருவாயின் மற்றக் கிளைகள் முறிந்தன. எல்லவின் விடுதிகளிலும் உணவகங்களிலும் தொழில்புரிந்த தோட்டத்து இளைஞர்கள், விமான நிலையம் மூடப்பட்டதோடு வேலையிழந்தனர். கொழும்பிற் கடைகளிலும் வீடுகளிலும் பணியாற்றியோர் ஊர் திரும்பினர். பாடசாலைகள் மூடப்பட்டமையாற் பிள்ளைகளின் மதிய உணவும் வீட்டுப் பொறுப்பாயிற்று. வருவாய் குறைந்த அதே காம்பிராவில் உண்போர் தொகை கூடியது. இதற்கிடையில், தொற்றுடையோர் பதினான்கு நாள் தனித்திருத்தல் வேண்டும் என்னும் விதி, பொதுக் குழாயையும் பொது மலசலகூடத்தையும் நம்பி வாழ்வோருக்கு 1918இல் இருந்த அதே இடர்ப்பாட்டை மீண்டும் முன்னிறுத்தியது.

இந்நாட்களிற் குடும்பத்தை நடத்திய பொறுப்பு பெரும்பாலும் பெண்களையே சார்ந்தது. மலையிற் கொழுந்து பறித்து, மாலையில் வரிசையில் நின்று மா வாங்கி, ரொட்டியின் கனத்தைக் குறைத்து, தேங்காய்ச் சம்பலை நீட்டி, தான் வெறுந்தேநீரோடு அமையும் தாயின் சிக்கனத்தை நாம் போற்றுகின்றோம். பக்கத்துக் காம்பிராவிற் கைமாற்று, சீட்டுப் பணத்தை முற்கூட்டிப் பெறல், காதிலிருந்ததை அடகு வைத்தல் ஆகியனவே அவளது களஞ்சியங்கள். ஆனால் இப்போற்றுதலில் ஓர் அபாயமும் உண்டு. அவளது திறமையைப் புகழும் நாம், அத்திறமை ஏன் தலைமுறை தலைமுறையாகத் தேவைப்பட்டது என்று கேட்க மறந்துவிடுகின்றோம். வயிற்றைச் சுருக்குதலைக் குடித்தன மாண்பு எனக் கூறி அமைதல் வரலாறாகாது.

1918இல் திறவுகோல் துரையின் கையில் இருந்தது. 2020இல் அது கடன் கொப்பிக்கு மாறியிருந்தது. இடையிற் குடியுரிமையும் வாக்குரிமையும் வந்தன. தோட்டங்கள் அரசுடைமையாகிப் பின்னர் 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பலமடங்காக உயர்ந்து அவ்வுயர்வை விழுங்கியது. இந்நூறாண்டில் மாற்றங்கள் பல நிகழ்ந்தனவாயினும், குடும்பம் தானே ஒரு மாத உணவை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் நிலை இன்னும் பொதுவாக உருவாகவில்லை. சொந்தமான ஒரு துண்டு நிலம், மிச்சம் பிடிக்க இடந்தரும் சம்பளம், மொத்த விலைக்குப் பொருள் வாங்கித் தரும் நேர்மையான கூட்டுறவுக் கடை ஆகிய மூன்றும் அமைந்தாலன்றி, அடுத்த கொள்ளைநோயும் இவர்களை வெறுங்கையோடேயே சந்திக்கும்.

வரலாறு பயிலும் மாணவர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. 1918ஆம் ஆண்டு லயத்து அடுப்புகள் எவ்வாறு எரிந்தன என்பதை அன்று எழுதி வைத்தார் இலர். துரைமாரின் அறிக்கைகளும் செக்ரோல் எண்களுமே நமக்கு எஞ்சின. 2020, 2021ஆம் ஆண்டுகளின் சான்றுகளோ இன்னும் அழியவில்லை. கடைகளின் கடன் கொப்பிகள், அடகுக் கடைத் துண்டுகள், சம்பளச் சீட்டுகள், நிவாரணப் பட்டியல்கள், அனைத்துக்கும் மேலாகத் தாய்மாரின் நினைவுகள் இன்றும் உள்ளன. கடன் தீர்ந்ததும் கொப்பி கிழிக்கப்படும், முதியோர் மறைவர். தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள நாமே அவற்றைத் திரட்டி வைக்க வல்லவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு கொப்பியையாவது பார்த்து, ஒரு தாயின் மாதக் கணக்கையாவது கேட்டு எழுதி வருவாராயின், நூறாண்டுகளுக்குப் பின் எழுதப்படும் வரலாறு துரையின் ஸ்டோரிலிருந்தன்றி லயத்து அடுப்படியிலிருந்து தொடங்கக்கூடும்.