ஜனாதிபதி அதிகாரமும் முஸ்லிம் காங்கிரஸும்

இலங்கையின் நிறைவேற்று ஜனாதிபதி முறை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் நிலைபெற்றது. அரச தலைவர், அரசாங்கத் தலைவர், முப்படைத் தளபதி என்ற மூன்று பொறுப்புகளும் ஒருவரிடம் சேர்ந்தன. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவர் கைக்கு வந்தன. இந்த அதிகாரத்தால் ஒரு சிறு கட்சி வளரவும் உடையவும் நேர்ந்ததை, அம்பாறைக் கரையோரத்தில் வேரூன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் வரலாற்றில் காணலாம்.

பேரம்பேசும் பலம்

1981இல் காத்தான்குடியில் தோன்றிய இவ்வமைப்பு, கல்முனையைத் தளமாகக் கொண்ட சட்டத்தரணி எம்.எச்.எம்.அஷ்ரஃபின் தலைமையில் அரசியல் கட்சியாயிற்று. ஜனாதிபதியாக வெல்லச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும் என்பதால், பெரிய கட்சிகள் சிறுபான்மை வாக்குகளை நாடின. அஷ்ரஃப் இதைப் பயன்படுத்தினார். 1988 டிசம்பரில், ஆர்.பிரேமதாச போட்டியிட்ட ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன், அவரது கோரிக்கைக்கிணங்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் பாராளுமன்றத் தேர்தலில் ஆசனம் பெறத் தேவையான வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டே கட்சி பாராளுமன்றம் புகுந்தது.

1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்காதபோது முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவு ஆட்சியமைக்க உதவியது. துறைமுக அமைச்சரான அஷ்ரஃபின் முயற்சியில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. கரையோர மக்களின் வாக்கு அவர்களுக்கே திரும்பிவந்த பெரும் பேறு அது.

பதவியும் பிளவும்

2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரஃப் மறைந்தார். 2001இல் கட்சியின் புதிய தலைவர் ரவூப் ஹக்கீமை ஜனாதிபதி சந்திரிகா அமைச்சரவையிலிருந்து நீக்கினார்; கட்சி விலகியதும் அரசாங்கம் பெரும்பான்மையை இழக்க, பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. கட்சியிலிருந்து பிரிந்த அக்கரைப்பற்றின் ஏ.எல்.எம்.அதாவுல்லா தேசிய காங்கிரஸை அமைத்து, ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

2010இல் ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்தை முஸ்லிம் காங்கிரஸ் ஆதரித்தது. ஜனாதிபதி அதிகாரத்தை மீண்டும் பெருக்கிய 20ஆவது திருத்தம் 2020 ஒக்டோபர் 22இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது தலைவர் ஹக்கீம் எதிர்த்தார், கல்முனையின் எச்.எம்.எம்.ஹரீஸ் உள்ளிட்ட அவரது கட்சி உறுப்பினர்கள் ஆதரித்தனர்.

மதிப்பீடு

இத்தகைய பிளவுக்குத் தடையாக, கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஆசனத்தை இழப்பார் என அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்நீக்கம் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தால் ஆசனம் தப்பும். ஆனால் சட்டம் மட்டும் கட்சியைக் காக்காது. அமைச்சுப் பதவி உறுப்பினரைத் தனியாக ஜனாதிபதியுடன் பிணைக்கிறது. வாக்காளரோ கட்சியை நம்பி வாக்களிக்கிறார். ஊர்க்கிளைகளைக் கேட்டு முடிவெடுத்து, அம்முடிவில் ஒன்றாக நிற்கும் கட்சியால்தான் ஜனாதிபதியிடம் தன் மக்களுக்காக உறுதியுடன் பேரம்பேச முடியும்.