கண்டி: மலை காத்த தலைநகர்

கண்டி, இலங்கை மத்திய மாகாணத்தின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்த இந்நகரை மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைத்தோடுகிறது. 1815 வரை தனியரசின் தலைநகராக விளங்கி, 1988இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. மலையரண் இதைப் பிற பண்பாடு தீண்டாமல் காத்தது என்பது பரவலான கருத்து. படைகளைப் பொறுத்தவரை அது சரி. 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் தோற்றனர். 1765இல் ஒல்லாந்தரும் 1803இல் ஆங்கிலேயரும் நகருக்குள் புகுந்தும் நிலைக்க முடியவில்லை. ஆனால் மனிதர்களும் சமயங்களும் வந்துசேர அதே மலைகள் தடையாக இருக்கவில்லை.

இதற்கான சான்றுகள் நகரின் நடுவிலேயே உள்ளன. 1739இல் நேரடி வாரிசின்றி அரியணை வெறுமையானபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினார். அவ்வழி வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமிலிருந்து பிக்குகளை அழைத்து, அற்றுப்போயிருந்த துறவறத் திருநிலைப்பாட்டை 1753இல் மீட்டார். புத்தரின் புனிதப் பல் உள்ள தலதா மாளிகையின் எதிரிலேயே நாத, பத்தினி தேவாலயங்கள் நிற்கின்றன. பத்தினி நம் கண்ணகியே. எசல பெரஹராவில் தலதா ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. கதிர்காமத் தெய்வம் முருகன்.

மதுரையிலிருந்து வந்த இந்த நாயக்க மன்னர்கள் தெலுங்கு வழியினர், பௌத்தத்தைத் தழுவியவர்கள், ஆகவே அவர்களால் தமிழ்த் தொடர்பை நிறுவ முடியாது எனச் சிலர் மறுப்பர். அவர்களது பூர்வீகம் பற்றிய கூற்று உண்மையே. எனினும் 1815 மார்ச் 2இல் அரச சபா மண்டபத்தில் ஆங்கிலேயருடன் செய்த ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். அரசவையில் தமிழ் பழகியிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அந்த ஒப்பந்தம் அரியணையிறக்கிய கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி. இன்று பயணிகள் சுற்றிவரும் ஏரியும், மாளிகையின் முன்னுள்ள எண்கோண மண்டபமும் அவர் எழுப்பியவை. கண்டிக்குச் செல்வோர் மாளிகையோடு நின்றுவிடாமல் தேவாலயங்களையும் சபா மண்டபத்தையும் காண வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்நகரின் வரலாறு முழுமையாகும்.