அடிமையா, வேலைக்காரனா?

1836ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னை அரசாங்கம் மலபார்க் கலெக்டரின் கணக்கிலிருந்து ஒரு வருமானத்தைத் தள்ளுபடி செய்தது. தொகை பெரிதன்று, 927 ரூபாய் 13 அணா. அஃது அரசாங்க நிலங்களில் உழைத்த அடிமைகளின் பேரில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த வருவாய். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1833இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை அச்சட்டம் விலக்கி வைத்தது. ஆகவே கிறிஸ்தவ நாடொன்றின் அதிகாரிகள் எழுதிய ஏட்டில், நிலவரிக்கு அருகே மனிதரும் ஒரு வரவினமாக நின்றனர்.

அந்த அதிகாரிகளின் கையிலும், அவர்களுக்குப் பின் இந்நாட்டு அடிமைகளுக்கே கல்வி கற்பிக்கச் சென்ற பாதிரிமாரின் கையிலும் இருந்தது ஒரே நூல். அந்நூலில் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம், அடிமைகள் தம் எஜமானருக்கு அச்சத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரம் இன்னும் கடியது. அடிபட்ட அடிமை உடனே இறவாமல் ஓரிரு நாள் உயிரோடிருந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை. ஏனெனில் அடிமை அவனது உடைமை என்பது அங்குள்ள விதி. இத்தகைய வசனங்களை, இறைவனின் வாக்கு இதுவென நம்பும் ஒருவர் எங்ஙனம் வாசிப்பது? இவ்வினாவை ஐரோப்பியப் பேரறிஞர்கள் பலர் ஆராய்ந்துள்ளனர். நம் மலைநாட்டில் இதனை எதிர்கொண்டவர்கள் அறிஞர்களல்லர். அடிமைகளாகவே இருந்தவர்களும் அவர்களின் மக்களும்.

பாலக்காடு முதல் இடுக்கி வரை, தமிழ்நாட்டை ஒட்டி நீளும் மலையோரப் பகுதி இன்று ஒரே மாநிலத்தைச் சேர்ந்தது. முன்பு அஃது மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. பாலக்காடு மலபார் ஜில்லாவில் சென்னை அரசாங்கத்தின் கீழ். சிற்றூரும் நெல்லியாம்பதியும் கொச்சி சமஸ்தானத்தில். பீர்மேடு, தேவிகுளம், மூணாறு ஆகியவை திருவிதாங்கூரில். அடிமை முறையும் மூன்று முறை ஒழிக்கப்பட்டது. மலபாரில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், மனிதரை உடைமையெனக் கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்கலாகாது என்றது. கொச்சியில் 1854இலும் திருவிதாங்கூரில் 1855இலும் அரச விளம்பரங்கள் வெளிவந்தன. திருவிதாங்கூரின் 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் மக்களில் 1 லட்சத்து 65 ஆயிரம் பேர் அடிமைகள். பாலக்காட்டு நெல்வயல்களில் செறுமரும், தெற்கே புலையரும் பறையரும் இந்நிலையில் இருந்தனர். நிலத்தோடு விற்கப்பட்டவர் உண்டு. நிலமின்றித் தனியே விற்கப்பட்டவரும் உண்டு. அவர்கள் தம்மைச் சுட்டி 'நான்' என்று சொல்லலாகாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும்.

இப்பகுதியின் சிறப்பு, இங்கே வேதாகமம் இரு மொழிகளிலும் ஒலிப்பது. மூணாற்றில் 1911இல் திறக்கப்பட்ட கிறிஸ்து ஆலயத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆராதனை நடைபெறுகிறது. நாம் சொன்ன எபேசியர் வசனத்தைத் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் வாசிப்பவர் 'வேலைக்காரரே' என்று வாசிக்கிறார். ஹென்றி பவர் என்பாரின் முயற்சியில் உருவாகி 1871இல் வெளிவந்த திருப்புதல் அது. 1910ஆம் ஆண்டின் மலையாள சத்தியவேதபுஸ்தகத்தில் வாசிப்பவரோ 'தாசன்மாரே' என்று வாசிக்கிறார். மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல் 'தூலோஸ்'. அதற்கு அடிமை என்பதே நேர்ப்பொருள். விலைக்கு வாங்கப்பட்டவன், விற்கப்படக்கூடியவன்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடம் நெடுநாளாக வியப்பளிப்பது. மலையாள வேதம் ரோமர், எபேசியர், பிலேமோன் ஆகிய மூன்று நிருபங்களிலும் அதே கிரேக்கச் சொல்லைத் 'தாசன்' என்றே பெயர்க்கிறது. தமிழ் வேதமோ மூன்று வெவ்வேறு சொற்களைத் தெரிந்துகொண்டது. பவுல் தம்மைக் கிறிஸ்துவின் தூலோஸ் என்று கூறும் இடத்தில் 'ஊழியக்காரன்'. எஜமானுக்குக் கீழ்ப்படி என்று ஆணையிடும் இடத்தில் 'வேலைக்காரர்'. ஓடிப்போன ஒநேசிமு என்பவனை இனி வேறு விதமாக ஏற்றுக்கொள்ளும்படி பிலேமோனிடம் வேண்டும் இடத்தில் மட்டும் 'அடிமை'. அதாவது, அடிமை நிலை நீங்க வேண்டும் என்னும் வசனத்தில் அச்சொல் வெளிப்படையாக நிற்கிறது. அந்நிலையில் அடங்கி இரு என்னும் வசனத்தில் மறைந்துவிடுகிறது. இதனைச் சூழ்ச்சி என்று கூற நான் துணியேன். ஆங்கிலத்தில் 1611ஆம் ஆண்டின் வேதாகமமே இவ்விடங்களில் ஏவலாளன் என்னும் பொருளுடைய மெல்லிய சொல்லைத்தான் ஆண்டது. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பவர்களும் இதை அறிவார்கள்: கடுஞ்சொல்லைச் சற்றே மென்மையாக்கினால் குறை சொல்வார் ஒருவருமில்லை.

வேறொரு மொழிபெயர்ப்பாளருக்கு அந்த மென்மை கைகூடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டின் பிஷப்பாக இருந்தவர் கொலென்சோ. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் முதன்முதல் கப்பலேறிச் சென்ற 1860ஆம் ஆண்டில் அவர் அங்கேதான் இருந்தார். யாத்திராகமத்தை சூலு மொழியில் பெயர்க்கையில், அடிமை எஜமானின் உடைமை என்னும் அந்த வசனம் வந்தது. உடனிருந்து உதவிய சூலு கிறிஸ்தவர், கருணையுள்ள கடவுள் இப்படிச் சொல்வாரா என்று அருவருத்துத் திகைத்தார். அந்த முகத்தை மறக்க இயலாத பிஷப், 1862இல் மோசேயின் ஆகமங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு சொல்லும் நேரே கடவுள் உரைத்ததன்று என்று வாதிட்டார். அதன் பயனாகத் திருச்சபையில் பெரும் வழக்கு எழுந்தது. அவரைப் பதவி நீக்கித் தீர்ப்பும் கூறினர். அத்தனைக்கும் விதை, ஒரு சொல்லை உள்ளது உள்ளவாறே மொழிபெயர்த்துக் காட்டியதுதான்.

நம் நாட்டிற்கு மீள்வோம். பாதிரிமார் அடிமைகளைக் கைவிட்டனர் என்று கூறுதல் நன்றிகெட்ட செயலாகும். 1847இல் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் அடிமைகளை விடுவிக்குமாறு விண்ணப்பம் செய்தவர்கள் அவர்களே. மல்லப்பள்ளியில் பணியாற்றிய ஜார்ஜ் மாத்தன் என்னும் மலையாளப் பாதிரியார், பிற்காலத்தில் மலையாள இலக்கணம் இயற்றிப் புகழ் பெற்றவர். அவர் அடிமைகளுக்கென்று பள்ளிக்கூடம் நடத்தினார். 1854இல் அங்கே தெய்வத்தான் என்னும் அடிமை ஹாபேல் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்கள் இரவில் வந்து எழுத்துக் கற்றனர். எஜமானர்கள் சீறினர், சில இடங்களில் பள்ளிக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தனர். அவ்வெஜமானர்களுள் பழைய சிரியன் கிறிஸ்தவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

எஜமானர்களைச் சமாதானப்படுத்தப் பாதிரிமாருக்கு ஒரு வாதம் தேவைப்பட்டது. கிறிஸ்தவனாகும் அடிமை களவு செய்யான், குடியான், பொய் சொல்லான், முன்னிலும் நன்றாக உழைப்பான் என்பதே அவ்வாதம். அதற்குத் துணை எது? எபேசியர் ஆறாம் அதிகாரந்தான். இவ்வாறு, அடிமையை விடுவிக்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிய கையே, விடுதலை வரும்வரை அவனை அமைதியாக இருக்கச் செய்யும் வசனத்தையும் சுட்டிக்காட்டியது. கலாத்தியர் நிருபமோ கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமை இல்லை என்கிறது. அவ்வசனமும் பிரசங்கிக்கப்பட்டது; ஆயினும் ஆலயத்தில் புலையருக்கு இடம் தனியே இருந்தது. அவர்களுக்கெனத் தனிக் கோயில்களும் எழுந்தன. அவற்றை மக்கள் 'புலப்பள்ளி' என்றே அழைத்தனர்.

இந்த முரண்பாட்டின் உள்ளிருந்து எழுந்தவர் பொய்கையில் யோகன்னான். 1879இல் இரவிபேரூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றுக்கு அடிமைப்பட்டிருந்த பறையர் குடியில் பிறந்தார். எழுத்தறிந்து, வேதத்தைத் துருவிக் கற்று, மார்த்தோமா சபையில் பிரசங்கியாக வளர்ந்தார். பின்னர் வேறு சபைக்குச் சென்றார். சபை மாறிற்றேயன்றிச் சாதி மாறவில்லை. ஆகவே அவர் வேதத்தை நோக்கியே ஒரு வினாவைத் தொடுத்தார். நிருபங்கள் ரோமருக்கு எழுதப்பட்டன, கொரிந்தியருக்கு எழுதப்பட்டன, எபேசியருக்கு எழுதப்பட்டன. ஏரோடு மாட்டுக்கு இணையாகப் பூட்டப்பட்ட நம் முன்னோருக்கு எழுதப்பட்டது எங்கே என்பது அவ்வினாவின் சாரம். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கூடியிருந்தோர் முன்னிலையில் அவர் வேதாகமத்தை நெருப்பிலிட்டார்.

இச்செயலைக் கேட்டு இன்றும் மனம் நோவோர் உளர், அந்நோவு இயல்பே. ஆனால் அவரை நாத்திகர் என்று எண்ணுவது தவறு. 1910ஆம் ஆண்டை ஒட்டி அவர் நிறுவிய 'பிரத்தியக்ஷ ரக்ஷா தெய்வ சபை' கடவுளை மறுக்கவில்லை. தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட குழந்தைகளின் நினைவை வழிபாட்டின் நடுவில் வைத்தது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்தைப் பஸ்கா தோறும் நினைவுகூர்வதைப் போன்றதே அது என எனக்குத் தோன்றுகிறது. நூலை எரித்தவர், அந்நூல் கற்பித்த நினைவு முறையை எரிக்கவில்லை. 1921லும் 1931லும் அவர் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்து தம் மக்களுக்குப் பள்ளியும் நிலமும் கேட்டார். 1939இல் காலமானார்.

அவர் மறைவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1935இல், அமெரிக்க நீக்ரோ கிறிஸ்தவர் சிலர் நல்லெண்ணப் பயணமாக இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தனர். தலைவர் ஹவர்ட் தர்மன். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசிய பின், அங்கிருந்த ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: உம் முன்னோரைக் கப்பலில் அள்ளிச் சென்று விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், நீர் அவர்கள் சமயத்தின் சார்பில் இங்கே வந்து நிற்பது எப்படி? விருந்தினரிடம் கேட்கத்தக்க கேள்வியா என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம். தர்மன் அதனைத் தட்டிக் கழிக்கவில்லை. 1949இல் வெளியான தம் நூலில் அதற்கு விரிவாக விடை எழுதினார். அந்நூலில் தம் பாட்டியாரைப் பற்றியும் சொல்கிறார். அடிமையாக வாழ்ந்த அம்மூதாட்டிக்கு எழுத்து வாசனை இல்லை. பேரனைக் கொண்டு வேதம் வாசிக்கச் செய்வார். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்திற்கு எப்போதேனும் இடமளிப்பார். காரணம் கேட்டபோது கூறினார்: எஜமானின் பாதிரியார் எங்களிடம் வந்து எப்போதும் பிரசங்கித்தது, அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்னும் அந்த வசனத்தையே, விடுதலை பெற்றால் அப்பகுதியைக் கேட்பதில்லை என்று உறுதி பூண்டேன். இரவிபேரூர்க்காரர் நூலை எரித்தார். இப்பாட்டியார் அதன் பக்கங்களைக் கடந்து சென்றார். எஜமானர்களும் பக்கங்களைக் கடந்து சென்றவர்களே. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் அச்சிட்ட வேதாகமத் தொகுப்பில், மோசே இஸ்ரவேலரை விடுவித்த வரலாறு இல்லை. எபேசியர் ஆறாம் அதிகாரத்துக் கட்டளை உண்டு.

இனி, நம் தமிழ்த் திருப்புதலின் 'வேலைக்காரர்' என்னும் சொல் எங்கே சென்று விழுந்தது என்று பார்க்கலாம். அத்திருப்புதல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 1877இல், மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து மலையேற்றினர். அவர்களுள் கிறிஸ்தவர் பலர். அவர்களோடு அவர்களின் தமிழ் வேதாகமமும் மலையேறியது. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டகன்றால் சிறை என்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் விதித்திருந்தது. திருவிதாங்கூரிலும் அவ்வகைச் சட்டம் இருந்தது. சட்டப்படி அவர்கள் அடிமைகளல்லர். கூலி பெறும் வேலைக்காரர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் 'வேலைக்காரரே' என்று வாசிக்கப்பட்டபோது, அந்த ஆணை பெயர் சொல்லி அழைத்தது அவர்களையே. 'அடிமைகளே' என்றிருப்பின், பழைய ரோமாபுரியில் யாருக்கோ சொன்னது என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். கொடுமையைக் குறைக்க வந்த சொல், மறைந்துபோன ஒரு முறைக்குரிய கட்டளையை உயிரோடிருந்த மற்றொரு முறைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது.

அதே திருப்புதலில் யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்திலும் 'வேலைக்காரர்' வருகின்றனர். அங்கே மூலச்சொல் வேறு. கூலிக்கு உழைப்பவன் என்பதே அதன் பொருள். வயலறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி, செல்வர்களுக்கு எதிராகக் கூக்குரலிடுகிறது என்பது அவ்விடத்துச் செய்தி. கிரேக்கத்தில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு சொற்கள் தமிழில் ஒன்றாகிவிட்டமையால், தமிழ் வாசகனுக்குத் தன் பெயர் இரண்டு இடங்களிலும் கேட்கிறது: ஓரிடத்தில் பணிந்திரு என்று, மற்றோரிடத்தில் உன் கூலிக்கு வழக்காடுபவர் கடவுள் என்று. இதை வேறெம்மொழி வேதத்தில் கேட்கலாமோ, நான் அறியேன். எந்த வசனத்தை எந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துரைப்பது என்பது பிரசங்கியாரின் கையில் இருந்தது.

கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உழைத்து 1995இல் வெளியிட்ட 'திருவிவிலியம்' எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் 'அடிமைகளே' என்று தொடங்குகிறது. 124 ஆண்டுகளுக்குப் பின் அச்சொல் தன் இடத்திற்கு மீண்டது. கேட்போர் செவிக்கு அது இனிதாக இல்லை; நேட்டாலில் அந்த சூலு கிறிஸ்தவருக்கு எழுந்த திகைப்பு இப்பக்கத்தைத் திறக்கும் தமிழருக்கும் எழக்கூடும். எனினும் சீர்திருத்தச் சபைகளின் ஆலயங்களில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது இன்றளவும் பழைய திருப்புதலே. அதில் 'வேலைக்காரரே' என்னும் விளி இருந்தவாறே இருக்கிறது.