மன்னிப்புக்கு எத்தனை நாள் அழ வேண்டும்?

கடவுள் மன்னிக்க வேண்டுமானால் மனிதன் முதலில் மனந்திரும்பித்தான் ஆக வேண்டுமா? கிறிஸ்தவத்தில் இந்தக் கேள்வி ஒருமுறை திருச்சபையையே உடைத்திருக்கிறது. ஆரம்பித்து வைத்தது ஒரு அரசாங்கச் சான்றிதழ்!

249-ல் ரோமப் பேரரசரான டேசியஸ், பேரரசில் உள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டு, படையலை ருசித்து, அதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நம்ம ஊரில் விஏஓ-விடம் சான்றிதழ் வாங்குகிற மாதிரிதான். எகிப்தில் 250-ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்கள் 40-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று, முதலைத் தெய்வத்தின் கோயிலில் பூசாரியாக இருந்த ஒரு பெண்ணுடையது. அவரையே விடவில்லை என்றால் கிறிஸ்தவர்களை விடுவார்களா?

பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் செத்தார்கள். கெடுபிடி தணியத் தொடங்கியதும், விழுந்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள்.

இப்போது மூன்று பதில்கள்.

முதலாவது, சிறையில் கஷ்டப்பட்டவர்களுடையது. "இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார்கள். "இவரும் இவரைச் சேர்ந்தவர்களும்" என்று பொதுவாக எழுதிய ஒரே கடிதத்தைக் காட்டி இருபது, முப்பது பேர் நுழைந்துவிடலாம் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் புலம்புகிறார்.

இரண்டாவது, ரோமில் இருந்த நொவாசியன் என்ற குருவுடையது. விழுந்தவன் சாகும்வரை மனம் வருந்தட்டும். மன்னிப்பது கடவுள் பாடு. ஆனால் திருச்சபைக்குள் திரும்ப இடமில்லை.

மூன்றாவது, சிப்ரியானுடையது. மன்னிப்பு உண்டு, ஆனால் மனந்திரும்பாமல் கிடையாது. அடுத்தவர் பட்ட பாட்டைக் கடிதமாக வாங்கி வந்து அதற்கு ஈடு கட்ட முடியாது. இதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. கெடுபிடியின்போது அவரே தலைமறைவாக இருந்தவர். கடிதம் கொடுத்தவர்களோ சிறைக்குப் போனவர்கள். மக்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

251-ல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் தவ முயற்சியில் இருக்க வேண்டும், சாகும் தறுவாயில் சேர்க்கலாம். உடம்பு நன்றாக இருந்த காலமெல்லாம் வருந்தாமல், படுக்கையில் விழுந்ததும் மன்னிப்புக் கேட்பவருக்குக் கிடையாது என்கிறார் சிப்ரியான்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அடுத்து நடந்தது. ஓரிரு வருடத்திலேயே மறுபடி ஒரு கெடுபிடி வரும் போலிருந்தது. உடனே ஆயர்கள் விதியைத் தளர்த்தினார்கள். தவ முயற்சியில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். நாளைக்கு உயிரைக் கொடுக்கக் கூப்பிடப்போகிறவனை இன்றைக்கு வாசலில் நிறுத்தி வைப்பது நியாயமா என்பது அவர்கள் வாதம்.

கவனியுங்கள், மனந்திரும்புதல் வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் கடைசிவரை கைவிடவில்லை. மாறியது அதற்கான கால அளவு மட்டும்தான். நிபந்தனை கடவுளுடையது என்று நம்பினார்கள். கெடு வைத்தது தாங்கள்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நொவாசியன் பிரிவு அதோடு முடிந்துவிடவில்லை. அதிலிருந்து திரும்பி வருகிற குருக்களை எப்படிச் சேர்ப்பது என்று 325-ல் நிசேயா சங்கம் தனியாக ஒரு விதியே போட வேண்டியிருந்தது. சிப்ரியான்? அடுத்த கெடுபிடியில் பலியிட மறுத்தார். 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.